மச்சைத் துளைக்கும் பனி

“மழை பெய்யச்சிலே ஒரு சொட்டு ஒழுகல்ல தம்பி. மழை நின்னு ஒரு மாசம் ஆவுது. இப்பம் ஒழுகுது. இது எந்தக் கணக்கு?”

தை மாத விடிகாலை. நாகர்கோவிலில் மதினி வீட்டு நடுமுற்றத்தில் நின்று இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காலத்தில் அது வானம் பார்த்த முற்றம். பிறகு இரும்புக் குழாய்ச் சட்டம் போட்டு, அலுமினியப் பட்டை பொருத்தி, கண்ணாடி வேய்ந்தார்கள். கீழே ஊஞ்சல், தொட்டிச் செடிகள், துணி உலர்த்தும் கொடி. கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது பல வீடுகளில் இப்படி ஒன்று இருக்கிறது. சிலர் முற்றத்தை மூடுகிறார்கள், சிலர் சிட்அவுட்டையோ மாடியின் ஒரு பாதியையோ மூடுகிறார்கள். வெயிலை வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைக்கும் இந்த இடத்துக்கு வெயில்கூடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த வெயில்கூடத்தைப் போன புரட்டாசியில் பழுது பார்த்தார்கள். விரிசல் விட்ட இரண்டு கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் பாலிகார்பனேட் ஷீட் போட்டார்கள். சந்துபொந்தெல்லாம் சிலிக்கான் வைத்தார்கள். கூரையின் உச்சியில் அரையடி உயரத்துக்கு ஒரு திறப்பு இருந்தது. சாரல் வருகிறது என்று அதையும் தகடு வைத்து அடைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை அந்தக் கூரை தாங்கியது. துளி மேகமில்லாத தையில் சொட்டுகிறது. மறுபடி சிலிக்கான் வைக்க ஆளுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன்.

தண்ணீர் எந்தப் பக்கத்தது?

கூரையிலிருந்து நீர் விழுந்தால் மேலே ஓட்டை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவைச் சோதிக்க ஐந்து ரூபாய் செலவு போதும். அன்று மாலை கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு சாண் அகலப் பிளாஸ்டிக் தாளை அதில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டினேன். மேலிருந்து தண்ணீர் கசிந்து வந்தால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தேங்கும். அறையின் காற்றிலிருந்து வந்தால் தாளின் கீழ்ப்புறத்தில் படியும்.

விடிந்ததும் பார்த்தால் நடுவில் ஈரமே இல்லை. கீழ்ப்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. வீட்டுக்குள் பனி பெய்திருக்கிறது!

காற்று எப்போதும் கொஞ்சம் நீராவியைச் சுமந்துகொண்டிருக்கும். சூடான காற்றால் அதிகம் சுமக்க முடியும், குளிர்ந்தால் அதன் கொள்ளளவு சுருங்கிவிடும். 26 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 24 கிராம் அளவுக்கு நீராவியை வைத்திருக்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சத்தை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது இப்படித்தான். இறக்கிவைக்கத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம்.

மதினியின் வெயில்கூடம் 12 அடிக்கு 10 அடி, உயரமும் ஏறத்தாழ 10 அடி. உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. ஈரத் துணியும் செடியும் நாலு பேர் மூச்சும் சேர்ந்து, அந்தக் காற்று கன மீட்டருக்கு 21 கிராம் நீராவியைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியைத் தொட்டு 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் மொத்தத்தில் 120 மில்லிக்குமேல் தண்ணீர் கூரையில் படியும். ஒரு காபித் தம்ளர் அளவு. கொடியில் துணி இருக்கும்வரை இழந்த நீராவி மறுபடி வந்து நிறைந்துகொண்டே இருக்கும்.

சரி, கண்ணாடி ஏன் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்தது? இதைத் தெளிவாக்கியவர் லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். பனி வானத்திலிருந்து விழுகிறது என்று ஒரு கட்சியும் மண்ணிலிருந்து எழுகிறது என்று மறு கட்சியும் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. வெல்ஸ் எடை போட்ட கம்பளிப் பஞ்சைச் சின்னச் சின்னப் பொதிகளாக்கி இரவில் தோட்டத்தில் வைத்தார். சிலவற்றை வெட்டவெளியில், சிலவற்றைப் பலகைக்கு அடியில். காலையில் மறுபடி நிறுத்தார். வானத்தை நேராகப் பார்த்த பஞ்சு அதிகம் கனத்திருந்தது. பலகை மறைத்த பஞ்சில் பனி குறைவு. மேகம் மூடிய இரவுகளில் எல்லாவற்றிலும் குறைவு. பொருள்கள் தங்கள் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராகத் தெளிந்த வானத்துக்கு வீசிவிட்டுக் காற்றைவிடக் குளிர்கின்றன, குளிர்ந்த பொருளின்மேல் பனி படிகிறது என்று 1814இல் வெளியான நூலில் அவர் நிறுவினார். மேகம் இருந்தால் அது கம்பளி போல வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

மதினியின் கணக்கு இங்கே தீர்கிறது. ஐப்பசியில் வானம் மூடிக் கிடந்தது, கண்ணாடி குளிரவில்லை. தையில் வானம் திறந்தது, கண்ணாடி குளிர்ந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சை யாரும் துளைக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த நீராவியே மச்சில் ஒட்டிக்கொண்டு கீழே விழுகிறது. இதற்குக் கூரையின் மேல்பக்கம் எத்தனை குழல் சிலிக்கான் வைத்தாலும் பயனில்லை.

கண்ணாடிக் கூரை கட்டியவர்களில் கைதேர்ந்தவர் இதை முன்பே எதிர்பார்த்திருந்தார். லண்டனில் 1851இல் எழுந்த பளிங்கு மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் தோட்டக்காரர். கண்ணாடிகள் சேரும் இடத்தில் அவர் வைத்த மரக் கால்வாயில் மூன்று காடிகள் இருந்தன. நடுவில் இருந்த பெரியது மழைக்கு. இரு ஓரங்களிலும் இருந்த சிறியவை கண்ணாடியின் அடிப்பக்கத்தில் படிந்து வழியும் பனிநீருக்கு. பனி படியும் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு வழி வைத்தார். மதினி வீட்டில் நீராவி வெளியேற இருந்த ஒரே வழியான உச்சித் திறப்பைப் புரட்டாசியில் அடைத்துவிட்டார்கள்.

இந்துப்பும் கண்ணாடியும்

அந்த அரையடித் திறப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது பகலில் நடக்கும் வேலை.

வெயில்கூடம் குளிர்நாட்டில் பிறந்தது. லண்டனில் டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 15 டிகிரிதான் ஏறும். அந்தச் சாய்ந்த வெயிலைத் தெற்குப் பக்கக் கண்ணாடிச் சுவர் வாங்கி உள்ளே வைக்கும். நாகர்கோவில் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. இங்கே டிசம்பரிலேயே சூரியன் 58 டிகிரி ஏறும். ஏப்ரல் 11ஐ ஒட்டியும் செப்டம்பர் பிறக்கும்போதும் நடுப்பகலில் அது உச்சந்தலைக்கு நேரே நிற்கும், கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே விழும். அங்கே சுவர் வாங்கும் வெயிலை இங்கே கூரை வாங்குகிறது. தெளிந்த நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் தரைக்குச் சுமார் 1000 வாட் வெயில். மதினியின் கூரை 11 சதுர மீட்டர். கண்ணாடி தடுத்ததுபோக ஒன்பதாயிரம் வாட் அளவு உள்ளே வரும். ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டு ஊஞ்சலில் ஆடுவதற்குச் சமம்.

உள்ளே வந்த வெப்பம் ஏன் வெளியே போவதில்லை? கண்ணாடி வெயிலை உள்ளே விடும், தரை திருப்பி வீசும் வெப்பக் கதிரை விடாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது உண்மைதான், ஆனால் முக்கியமான காரணம் அதுதானா? அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இதைச் சோதித்தார். உள்ளே கறுப்பான இரண்டு பெட்டிகளை எடுத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு இந்துப்புப் பாளத்தில் செதுக்கிய தகடு. சமையலறையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் இருக்கும் அதே இந்துப்பு, நல்ல படிகமாகக் கிடைத்தால் பளிங்குபோல் இருக்கும். அதன் வழியே வெப்பக் கதிர் தாராளமாக வெளியேறும். கண்ணாடி கதிரைச் சிறைபிடிப்பதுதான் காரணம் என்றால் உப்பு மூடிய பெட்டி சூடேறக்கூடாது.

இரண்டு பெட்டிகளும் சூடாயின. வெயிலில் இருக்கும் வெப்பக் கதிரை முன்கூட்டியே வடிகட்டி அனுப்பியபோது இரண்டுமே 55 டிகிரி அளவில் நின்றன. இடையே ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. கதிர் தப்பினாலும் காற்று தப்பவில்லை என்பதுதான் பெட்டி சூடாகக் காரணம். வெளியே, சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும், குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும். மூடிய பெட்டியில் அந்தப் போக்குவரத்து இல்லை. (பூமியின் வளிமண்டலம் வெப்பத்தை நிறுத்திவைப்பது வேறு வழி. அங்கே கதிரைச் சிறைபிடிப்பதுதான் வேலை. பசுமைக்குடில் விளைவு என்ற பெயர் அதற்கு ஒப்புமையால் ஒட்டிக்கொண்டது.)

வெயில்கூடத்தில் பழுது பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதனால்தான் பெரிய தவறு. உச்சியில் இருக்கும் திறப்பைச் சாரலுக்குப் பயந்து அடைப்பது, பகலில் அடுப்பையும் இரவில் பனியையும் ஒருசேர வாங்கிவைப்பது. திறப்பின்மேல் ஒரு குடைபோலத் தகட்டை நீட்டி, கொசுவலை அடித்துவிட்டால் சாரலும் வராது. உள்ளே காற்று வரக் கீழேயும் ஒரு வழி இருக்க வேண்டும். புகைபோக்கி மட்டும் வைத்து அடுப்புவாயை மண் பூசி அடைத்தால் புகை எப்படி ஏறும்?

தண்ணீர் மேலே ஏறும்

நிஜமாகவே மழையில் ஒழுகும் கூரைகளும் உண்டு. அவற்றில் நடக்கும் வழக்கமான தவறு, சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே பூசுவது. உள்ளே புகுந்த நீர் சட்டத்தின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே நாலடி நடந்து, ஏதோ ஒரு திருகாணி முனையில் கைவிடும். சொட்டு விழுவது நீர் களைத்துப்போன இடத்தில். அது புகுந்த இடம் வேறு.

புகுந்த இடத்தைக் கண்டுபிடிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் உள்ளே நிற்க, இன்னொருவர் ரப்பர் குழாயால் கூரையின் கீழ்விளிம்பில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் விடட்டும். ஒழுகவில்லையா, அடுத்த இணைப்புக்கு மேலே ஏறுங்கள். கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடம். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்புகள்மேலும் ஓடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்பது ஆய்வுக்கூட ஒழுங்கு. அதையே ஏணியில் ஏறிச் செய்கிறோம்.

நீர் பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பது பாதி உண்மை. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஒடுக்கமான சந்தில் நீரும் ஏறும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். அரை மில்லிமீட்டர் சந்தில், சுத்தமான இரு கண்ணாடிகளுக்கு நடுவே, நீர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரம் ஏறும். சந்து 5 மில்லிமீட்டராக விரிந்தால் 3 மில்லிமீட்டர்தான் ஏறும். ஒழுகுகிறது என்று இரண்டு ஷீட்டையும் நெருக்கி முறுக்கினால் சில நேரம் ஒழுகல் கூடுவது இதனால்தான். நெருக்கம் நீருக்கு ஏணி.

சாய்வு குறைந்த கூரையில் இந்த ஏணி இன்னும் நீளம். 3 சென்டிமீட்டர் உயரம் ஏறும் நீர், 30 டிகிரிச் சாய்வில் 6 சென்டிமீட்டர் தூரம் உள்ளே போகும், 10 டிகிரியில் 17 சென்டிமீட்டர். அதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுதான் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று கூரையை நேராக மோதினால், நீரை 1.4 சென்டிமீட்டர் மேலே தள்ளும் அழுத்தம் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஒரு விரலளவு மட்டும் ஏறிப் படுத்திருக்கும் ஷீட்டில் அந்தக் காற்றுக்கு என்ன தடை?

கிடுகு வேய்கிறவர் இறவாணத்தில் தொடங்கி உச்சிக்குப் போவார். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் ஏறிப் படுக்கும். ஓடும் அப்படித்தான், மீனின் செதிலும் அப்படித்தான். இப்படி அடுக்கினால் நீர் தப்பி உள்ளே போனாலும் அடுத்த அடுக்கின் முதுகில் விழுந்து வெளியே வந்துவிடும். கூரை சுவரைத் தொடும் இடத்திலும் இதே விதிதான். சுவரில் ஒரு காடி வெட்டி, உலோகத் தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகி, மறு விளிம்பைக் கண்ணாடியின்மேல் மடித்துவிட வேண்டும். பலரும் செய்வதுபோல மூலையில் சிமென்ட் கலவையை அப்பினால் அடுத்த கோடையில் அது முடியளவு பிளக்கும். முடியளவுப் பிளவுதான் நுண்புழைக்கு உகந்த அளவு.

நீளும் கூரை

அந்தச் சிமென்ட் ஏன் பிளக்கிறது? கூரை அசைவதால். நமக்குக் கண்ணில் படாது, ஆனால் ஒவ்வொரு நாளும் நீண்டு சுருங்குகிறது.

இரவில் 20 டிகிரியில் இருக்கும் ஷீட் நடுப்பகலில் 60 டிகிரிக்குப் போகலாம். அந்த 40 டிகிரி ஏற்றத்தில் 12 அடி நீளமுள்ள பொருள் எவ்வளவு நீளும்? கண்ணாடி ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவு. இரும்பு 2 மில்லிமீட்டருக்குள். அலுமினியம் மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. பாலிகார்பனேட்டோ ஏறக்குறைய 10. பழைய தண்டவாளங்களுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டிருப்பார்களே, ரயில் தடக் தடக் என்று தாளம் போட்டது அதன்மேல்தான். மதினி வீட்டில் கண்ணாடி இருந்த இடத்தில் ஷீட்டைப் போட்டவர்கள், திருகாணியின் கனத்துக்கே துளை போட்டு, பலம் உள்ளமட்டும் முறுக்கியிருந்தார்கள். இரும்புச் சட்டம் 2 மில்லிமீட்டர் போக நினைக்கிறது, ஷீட் 10 போக நினைக்கிறது. ஷீட் மேலே வயிறு தள்ளும், அல்லது துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் விடும். துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அகலமான ரப்பர் வாஷர் அதை மூடவேண்டும். வாஷர் லேசாக அமுங்கியதும் முறுக்குவதை நிறுத்திவிட வேண்டும். தாலி முடிச்சுப்போல மூன்று இறுக்கு இங்கே வேண்டாம்.

சிலிக்கானின் வேலையும் இந்த அசைவோடு சேர்ந்ததுதான். அதைப் பசை என்று நினைப்பதால் தவறுகிறோம். அது இரண்டு கரைகளுக்கு நடுவே கட்டிய ரப்பர் பாலம். இரு கரையையும் மட்டும் பிடித்திருந்தால் கரை விலகும்போது அது நீளும். சந்தின் அடித்தளத்தையும் சேர்த்து மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டால் நீள இடமில்லாமல் கிழியும். அதனால்தான் சந்துக்குள் முதலில் பஞ்சுபோன்ற ஃபோம் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சிலிக்கான் வைப்பார்கள். கயிறு பாலத்துக்குக் கீழே ஓடும் ஆறு, பாலம் அதில் ஒட்டாது. பழைய சிலிக்கான்மேல் புதியதை இழுத்துவிடுவது இன்னொரு வழக்கம். காய்ந்த சிலிக்கானோடு எதுவும் எளிதில் ஒட்டாது, புதிய சிலிக்கானும்தான். சுரண்டி எடுத்து, துடைத்து, உலர்ந்தபின் வைக்க வேண்டும்.

வகையை மூக்கே சொல்லிவிடும். மலிவான சிலிக்கான் காயும்போது வினிகர் நெடி அடிக்கும், உண்மையிலேயே அது அசிட்டிக் அமிலம் வெளியேறும் வாசம். சாதாரணக் கண்ணாடிக்குக் குற்றமில்லை. ஆனால் அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும், சுண்ணாம்புச் சத்துள்ள சிமென்ட்டோடு வினைபுரிந்து பிடியை இழக்கும், பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. குழலின்மேல் நியூட்ரல் என்று போட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள்.

உப்பும் வெயிலும்

மதினி வீட்டுக் கண்ணாடியைத் தாங்கும் அலுமினியப் பட்டையில், இரும்பைத் தொடும் இடங்களில் மட்டும் வெள்ளை மாவு பூத்திருந்தது. எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியையும் துத்தநாகத் தகட்டையும் செருகி மின்சாரம் எடுக்கும் பள்ளிச் சோதனை நினைவிருக்கிறதா? கூரையில் அதே மின்கலம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறுக்குப் பதில் கடல் காற்று கொண்டுவந்த உப்பீரம். இரு உலோகங்கள் தொட்டு நின்றால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். இதை மின்வேதி அரிப்பு என்கிறோம். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகள் கடலில் அரிபடுவதைத் தடுக்க, 1824இல் ஹம்ப்ரி டேவி அவற்றோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். துண்டுகள் கரைந்தன, செம்பு தப்பியது. அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்.

பழுது பார்க்கும்போது எந்த உலோகம் சிறியது என்று கவனிக்க வேண்டும். பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன ஸ்டெயின்லெஸ் திருகாணி என்றால் அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். பெரிய இரும்புச் சட்டத்தில் சின்ன அலுமினிய ரிவிட் என்றால் முழுச் சுமையும் அந்த ரிவிட்டின் தலையில் விழும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இது வேகமாகவே நடக்கும். இரண்டு உலோகமும் நேராகத் தொடாமல் இடையே ரப்பரோ நைலான் வாஷரோ வைத்தால் மின்கலம் அறுந்துவிடும்.

ஷீட் போடும்போது இன்னொரு தவறு, அதைக் கவிழ்த்துப் போடுவது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து அதை மஞ்சளாக்கும், பிறகு அப்பளம்போல் நொறுங்கவைக்கும். அதைத் தடுக்கும் மெல்லிய பூச்சு பெரும்பாலான ஷீட்களில் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. மேலே ஒட்டியிருக்கும் தாளில் எந்தப் பக்கம் வானம் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். வேலை தொடங்கும் அவசரத்தில் முதலில் கிழித்தெறிவது அந்தத் தாளைத்தான். உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட் என்றால் குழல்கள் சாய்வின் திசையில் இறங்க வேண்டும். மேல்முனையை முழுக்க மூடி, கீழ்முனையை நீர் வடியும் டேப்பால் மூட வேண்டும். இல்லையென்றால் உள்ளே பனி தேங்கிப் பாசி பிடிக்கும்.

விரிசல் விடட்டும், விழாமல் இருக்கட்டும்

உடைந்த கண்ணாடிக்குப் பதில் கடையில் கிடைத்த சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் போடுவது உயிருக்கே ஆபத்து. அது கத்திபோன்ற துண்டுகளாக உடையும், தலைமேல் விழும். டெம்பர்டு கண்ணாடி எனப்படும் உரமேற்றிய கண்ணாடியின் சூட்சுமத்தை மாட்டுவண்டிச் சக்கரத்தில் பார்க்கலாம். ஆசாரி இரும்புப் பட்டையைக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றி நீர் ஊற்றுவார், குளிர்ந்து சுருங்கும் பட்டை மரத்தை எல்லாப் பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். உரமேற்றும்போது கண்ணாடியின் மேல்தோல் முதலில் இறுகும், பிறகு குளிரும் உட்பகுதி சுருங்கித் தோலை உள்ளுக்கு இழுத்து நெருக்கும். நெருக்கப்பட்ட தோலில் விரிசல் வாய் திறக்க முடியாது. அந்த இழுபறி ஓரிடத்தில் குலைந்தால் மொத்தமும் சிறு மணிகளாகச் சிதறும். அதனால் உரமேற்றியபின் அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, அளவெடுத்துச் செய்துதான் வாங்க வேண்டும்.

தலைக்கு மேலே வைக்க இன்னும் ஏற்றது ஒட்டடுக்குக் கண்ணாடி. இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒன்றை வைத்து ஒட்டியது, காரின் முன்கண்ணாடி போல. உடைந்தாலும் சில்லுகள் ஏட்டில் ஒட்டி நிற்கும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 2025இல் பராமரிப்பு வேலையின்போது சுத்தியல் ஒன்று தவறி விழுந்து அதன் ஒரு பலகையில் விரிசல் விழுந்தது. விரிசலைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். ஆனால் பல அடுக்காகச் செய்த பலகையின் இலக்கணமே அதுதான்: விரிசல் விடலாம், கீழே விழக்கூடாது.

திறந்தே கிடந்த இடம்

பழுது வேலை தொடங்குமுன் மதினியைத் தக்கலைப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அது. மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள், நம்மூரில் காக்காப்பொன் என்பார்களே அது. வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, வெயிலின் கூர்மையை விடுவதில்லை. பலகைகளுக்கு இடையே காற்று நுழைய இடமிருக்கிறது. செங்குத்தாகச் சரியும் கூரையில் ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டப்படாமல் சாய்ந்து படுத்திருக்கின்றன. வெயிலில் நீளலாம், நனைந்தால் உலரலாம், சூடான காற்று இடுக்கு வழியே போகலாம். நுண்புழை ஏற்றம் என்ற சொல் அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருக்காது. நீருக்கும் காற்றுக்கும் மரத்தின் அசைவுக்கும் எங்கெங்கே வழி விடவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

திரும்பி வந்ததும் உச்சித் தகட்டைக் கழற்றி, வலையும் குடைத்தகடும் போட்டோம். கவிழ்ந்து கிடந்த ஷீட்டைத் திருப்பிப் போட்டு, துளைகளைப் பெரிதாக்கி, திருகாணிகளைத் தளர்த்தினோம். துணிக்கொடி மொட்டைமாடிக்குப் போனது. சிலிக்கான் ஒரு குழல்கூடச் செலவாகவில்லை.

மாசியில் ஒரு விடிகாலை போயிருந்தேன். கண்ணாடியின் வெளிப்புறம் பனி பூத்திருந்தது, உள்ளே கை வைத்தால் லேசாகச் சில்லென்றது, ஈரமில்லை. மதினி காபியை நீட்டிவிட்டு உச்சித் திறப்பைப் பார்த்தார்.

“முன்ன அந்த இடம் தெறந்துதான கெடந்துது தம்பி. நாமதான காசு குடுத்து அடைச்சோம்?”